சுண்டிய நாணயம், சிந்திய ரத்தம்

குற்ற நாவல் என்றதும் மழை, இருட்டுச் சந்து, கத்தி எல்லாம் நினைவுக்கு வரும். வட இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் 1920களில் நடந்த ரவுடிச் சண்டையில் கத்திக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது மூண்டது நாணயம் சுண்டும் ஒரு மேட்டுக்காக.

ஸ்கை எட்ஜ் என்பது அந்த மேட்டின் பெயர். போலீஸ் வந்தால் தொலைவிலேயே தெரிந்துவிடும். முதல் உலகப் போருக்குப் பின் அங்கே நடந்த சட்டவிரோதச் சூதாட்டம் ஜார்ஜ் மூனியின் கையில் இருந்தது. பந்தயத்தில் ஒரு பங்கு அவனுக்கு. வேலையில்லாத் திண்டாட்டத்தில் வசூல் குறையவே சில கூட்டாளிகளைக் கழற்றிவிட்டான். 1923 வாக்கில் அவர்கள் சாம் கார்வின் தலைமையில் எதிர்க் கும்பலானார்கள்.

பூவா தலையாவில் யாருக்கும் சாதகமில்லையே, பிறகு பணம் எங்கிருந்து வந்தது? கமிஷன் நூற்றுக்கு ஐந்து என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஷில்லிங் ஷில்லிங்காக 100 முறை ஆடுபவனுக்குக் கமிஷனில் போவது 5 ஷில்லிங். அதிர்ஷ்டமோ அவனை ஏறத்தாழ 10 ஷில்லிங் மேலேயோ கீழேயோ தள்ளும். 100இன் வர்க்கமூலம் அது. ஆகவே தோற்றவன் நேரத்தைத்தான் நொந்துகொள்வான். ஊரே சேர்ந்து 10,000 முறை ஆடினால்? அதிர்ஷ்டத்தின் ஆட்டம் 100 ஷில்லிங்தான், கமிஷன் 500! மேட்டுக்குச் சொந்தக்காரனுக்குக் கெட்ட நேரம் என்பதே கிடையாது.

நாணயமும் முழு யோக்கியம் இல்லை. சுழலும்போது அது தள்ளாடுவதால், மேலே இருந்த பக்கமே மீண்டும் மேலே வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று 2007இல் புள்ளியியலாளர் பெர்சி டயகோனிஸும் சகாக்களும் காட்டினார்கள். (டயகோனிஸ் முன்பு மேடை வித்தைக்காரர், சந்தேகம் வந்ததில் வியப்பில்லை.) 2023இல் வெளியான ஆய்வில் 3,50,757 முறை சுண்டிக் கையில் பிடித்தார்கள், 50.8 சதவீதம் அதே பக்கம். இந்த ரகசியம் தெரிந்தவனுக்கும் 100 ஆட்டத்தில் சராசரி ஆதாயம் 1.6 ஷில்லிங்தான். கமிஷன் அதையும் விழுங்கிவிடும். தரையில் விழுந்து துள்ளினால் அந்தச் சாதகமும் கலைந்துபோகும்.

மீண்டும் ஷெஃபீல்டுக்கு வருவோம். 1925 ஏப்ரலில், எந்தக் கும்பலையும் சேராத வில்லியம் பிளாமர் தெருவில் கொல்லப்பட்டார். கார்வின் கும்பலைச் சேர்ந்த ஃபௌலர் சகோதரர்கள் இருவர் செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1926இல் காவல்துறைத் தலைவராக வந்த பெர்சி சிலிட்டோ கும்பல்களை ஒடுக்கினார். அவரே 1946இல் பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5இன் தலைவரானார்.