கால்களின் சமநிலை

வண்டியில் பூட்டும் காளைகளை வலிமை ஒத்த இணையாகத் தேர்ந்தெடுப்பது கொங்குநாட்டு உழவர் வழக்கம். ஒன்று தளர்ந்தால் வண்டி நேராகச் செல்லாது. குன்னத்தூர்த் திடலில் மாலைதோறும் கால்பந்தாடும் மாணவருக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

வேறுபாடு தோன்றுவது ஏன்?

கால்பந்து வீரர் பெரும்பாலும் ஒரே காலால் பந்தை உதைக்கிறார். அக்கால் விசையுடன் வீசப்படும்போது, ஊன்றிய கால் உடலின் எடையைத் தாங்குகிறது. ஆண்டுக்கணக்கில் வெவ்வேறு பணிகளைச் செய்யும் கால்களின் வலிமை வேறுபடக்கூடும். பழைய காயம் அவ்வேறுபாட்டை மிகுவிக்கும். கணுக்கால் சுளுக்கின் வலி சில நாள்களில் அடங்கலாம். இழந்த வலிமையோ அத்துணை விரைவில் மீள்வதில்லை. வலி நின்றதையே குணமெனக் கருதித் திடலுக்குத் திரும்புவோர் இதனை உணர்வதில்லை.

அளந்தறிதல்

இவ்வேறுபாட்டை எளிதில் அளக்கலாம். ஒற்றைக்காலில் நின்று முன்னோக்கித் தாவி, அதே காலில் நிலையாக இறங்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை தாவி, தொலைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். வலக்கால் 150 செ.மீ., இடக்கால் 126 செ.மீ. எனில், இடக்காலின் திறன் வலக்காலினதில் 84 விழுக்காடு. ஒப்புமை 90 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அதனைக் கவனிக்கத்தக்கதாக விளையாட்டு மருத்துவர் பொதுவாகக் கொள்வர். வலியுள்ளபோது இச்சோதனையைச் செய்தலாகாது. உடற்கல்வி ஆசிரியர் உடனிருத்தல் வேண்டும்.

அசைவின் செம்மை

அளவு மட்டும் போதுமா? போதாது. இரு கால்களும் ஒரே தொலைவு தாவினும், தரையிறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாயலாம். அந்நிலையில், தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைக்கும் முன்குறுக்குத் தசைநாரின்மீது பெருவிசை விழுகிறது. அது அறுந்தால் மீண்டும் களமிறங்கப் பல மாதங்கள் ஆகும். குமரி மாவட்டத்தைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பர் 20 அன்று, இந்தியன் சூப்பர் லீக் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்றார். தேர்ந்த வீரரும் முழங்கால் காயத்திற்கு விலக்கல்லர். பெண்களுக்கோ இத்தசைநார்க் காயம் ஆண்களைவிட மிகுதியாக நேர்கிறது. ஆகவே, வலிமையை அளப்பதோடு அசைவையும் உற்றுநோக்க வேண்டும்; ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

இருபது நிமிடம்

இதற்குத் தீர்வு உண்டு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம் ‘11+’ என்னும் ஆயத்தப் பயிற்சியை வகுத்தளித்தது. மெல்லோட்டம், தசை வலிமை, ஒற்றைக்கால் சமநிலை, முறையான தரையிறக்கம் முதலிய 15 பயிற்சிகளைக் கொண்ட இதற்கு 20 நிமிடம் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றோரிடம் கடுங்காயங்கள் மற்றவரிடத்தைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

பந்தைத் தொடுமுன் செலவிடும் இருபது நிமிடத்தை வீண் என எண்ணும் மாணவர் பலர். முழங்கால் காயத்தால் ஓராண்டை இழந்தவரே அந்நிமிடங்களின் அருமையை அறிவர். நாம் அதனை இழக்காமலே அறிந்துகொள்வோம்.