தோலில் தொடங்கிய பாலிமர் ஆய்வு

பாலிமர் என்ற சொல்லைக் கேட்டதும் பிளாஸ்டிக் பையும் குடமும் நினைவுக்கு வருவது இயல்பே என்றாலும், மனிதன் முதன்முதலில் கையாண்ட பாலிமர்கள் விலங்கின் தோல், பருத்தி, பட்டு, மரம் ஆகியவைதாம். சிறிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஒரே சங்கிலியாக நீள்வதே பாலிமர் எனப்படுகிறது. தமிழ்ப் பாடநூல்கள் இதற்குப் பலபடி என்ற அழகான சொல்லைத் தந்திருந்தும் ஆய்வுக்கூடங்களில் பாலிமர் என்றே வழங்கிவருகிறது. இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் எழுதியபோது அவருடைய துறையினரே நம்ப மறுத்தார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1950-களில் சென்னையில் பாலிமர் ஆய்வு வேரூன்றியது. கிண்டியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தின் பேராசிரியர்களையும் அதை அடுத்துள்ள அடையாற்றின் தோல் ஆராய்ச்சி நிலையத்தையும் பாலிமர் ஆய்வு இணைத்த கதை இது.

சர்தார் படேல் சாலையில் பேருந்தில் செல்பவர்கள் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். 1948-இல் நிறுவப்பட்ட அந்த நிலையத்திற்கும், அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944-இல் தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரிக்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வேதியியல் துறைகளுக்கும் இடையே உள்ளது நடந்தே கடந்துவிடக்கூடிய தூரம். தோல் தொழில்நுட்பம் படித்த மாணவர்கள் கல்லூரியிலிருந்து நிலையத்திற்கும், நிலையத்தின் ஆய்வாளர்கள் முனைவர் பட்டத்திற்காகப் பல்கலைக்கழகத்திற்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். இந்தப் போக்குவரத்து இல்லாமல் கீழே சொல்லப்படும் எதுவும் நடந்திருக்க வாய்ப்பில்லை.

1952-இல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் சர் சி.வி. ராமனை அழைக்க விரும்பினார் என்பதும், ராமன் தம் மாணவரின் பெயரைச் சொன்னார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. அந்த ஆண்டு சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி. பெர்னாலோடு நடந்த உரையாடலில், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராக இருப்பது ராமச்சந்திரனின் கவனத்திற்கு வந்தது. தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதமே கொலாஜன். புரதமும் ஒரு பாலிமர்தான்; அதன் கண்ணிகள் அமினோ அமிலங்கள். தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் கொலாஜனுக்குப் பஞ்சமில்லை. கங்காருவின் வால் தசைநாண் மிகத் தூய்மையான, இழைகள் ஒரே திசையில் அடுக்கப்பட்ட கொலாஜன் என்பதால், ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அதன் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்தார்கள்.

படத்தில் கிடைத்தவை சில மங்கலான புள்ளிகளும் வளைவுகளும் மட்டுமே. அவற்றிலிருந்து, இழையின் நீளவாக்கில் கண்ணிக்குக் கண்ணி சுமார் 2.9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி இருப்பது தெரிந்தது. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரின் பத்துக்கோடியில் ஒரு பங்கு. வேதியியல் பகுப்பாய்வு இன்னொரு தடயத்தைத் தந்தது: எந்த விலங்கின் கொலாஜனிலும் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாகவே இருந்தது. இந்த மூன்றில் ஒன்று தற்செயலாக இருக்க முடியாது என்று கண்டதே ராமச்சந்திரனின் கூர்மை. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தால், மூன்று சங்கிலிகள் அருகருகே முறுக்கிக்கொள்ளும்போது நெருக்கடியான நடுப்பகுதியில் அந்தச் சிறிய கண்ணி மட்டும் வந்து பொருந்தும். அங்கே வேறு எதற்கும் இடமிருக்காது. 1954-இல் நேச்சர் இதழில் வெளியான அவர்களுடைய கட்டுரை இந்த மூவிழை அமைப்பை முன்வைத்தது. அடுத்த ஆண்டு வந்த திருத்தத்தில் இழைகள் ஒன்றையொன்று சுற்றியும் செல்வதாகக் காட்டப்பட்டது. சந்திரன் பூமியைச் சுற்றும்போது எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, ஒவ்வொரு இழையும் சுற்றிவரும்போதும் தன் கிளைசின் பக்கத்தையே மையத்திற்குக் காட்டுகிறது. கொலாஜன் மூலக்கூறின் நீளம் சுமார் 3000 ஆங்ஸ்ட்ராம், தடிமன் சுமார் 15 ஆங்ஸ்ட்ராம். பென்சில் தடிமனில் அதைச் செய்து வைத்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமிருக்கும்.

பாராட்டோடு எதிர்ப்பும் வந்தது. மூன்று கண்ணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருப்பதாகச் சென்னைக் குழு சொன்னது. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது அணுக்களிடையே ஏற்படும் மெல்லிய ஈர்ப்பு, ஆனால் ஆயிரக்கணக்கில் சேரும்போது கட்டடத்தையே தாங்கும். பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரே ஒரு பிணைப்புதான் சாத்தியம், சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன என்று வாதிட்டார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அன்று யாரிடமும் உறுதியான வரையறை இல்லை. ராமச்சந்திரன் அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைத் திரட்டி, அனுமதிக்கத்தக்க தூரங்களைத் தாமே கணக்கிட முனைந்தார். அந்த உழைப்பு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் முடிந்தது. உலகெங்கும் புரதம் பயிலும் எந்த மாணவரும் ராமச்சந்திரன் வரைபடத்தைக் கடக்காமல் இன்று மேலே செல்ல முடியாது. பிணைப்பு விவாதத்திற்கும் பின்னாளில் விடை கிடைத்தது: 1994-இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு புரதத்தின் படிகத்தில் நேரடிப் பிணைப்பு ஒன்றே காணப்பட்டது, அதோடு நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையே பாலம் அமைத்திருந்தன. நீர் வழியாகவும் பிணைப்பு இருக்கலாம் என்று ராமச்சந்திரன் 1968-இலேயே எழுதியிருந்தார்.

இதெல்லாம் செருப்புத் தோலுக்கு எந்த வகையில் உதவும் என்று கேட்பவர்களுக்குத் தோல் தொழிற்சாலையின் கொதிநீர்ச் சோதனையே விடை சொல்லும். குரோம் எனப்படும் குரோமிய உப்பைப் போட்டுப் பதனிட்டு டிரம்மிலிருந்து எடுத்த தோலின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி, அதன் ஓரங்களைக் காகிதத்தில் கோடிட்டு வைத்துக்கொண்டு, கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, மீண்டும் அதே கோட்டின்மீது வைத்துப் பார்ப்பார்கள். துண்டு கோட்டிலேயே நின்றால் தோல் பதமாகிவிட்டது. உள்ளே சுருங்கியிருந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும். பதனிடாத தோலோ 60, 65 டிகிரி வெப்பத்திலேயே சட்டென்று சுருண்டு, நேரம் ஆக ஆகப் பசையாகக் கரையத் தொடங்கும். முறுக்கிய மூன்று இழைகளும் பிரிந்து தனித்தனியே சுருண்டுகொள்வதே இதற்குக் காரணம். இவ்வாறு பிரிந்த கொலாஜனே ஜெலட்டின் எனப்படுகிறது. இழைகளுக்கும் மூலக்கூறுகளுக்கும் இடையே புதிய குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தி, அவை பிரிய முடியாதபடி கட்டுவதே பதனிடுதல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்துவந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த குரோம் முறையோ, கொலாஜனின் அமிலக் கிளைகளைக் குரோமியம் அணுக்கள் பற்றிக்கொள்ளச் செய்து, தோலைக் கொதிநீருக்கும் அசையாததாக ஆக்கியது. குரோம்பேட்டையின் பெயரே அங்கிருந்த குரோம் தோல் ஆலையிலிருந்து வந்ததுதான்.

ராமச்சந்திரனைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அதே வளாகத்தில் சென்னையின் பாலிமர் வேதியியலை வளர்த்த எம். சாந்தப்பாவைப் பற்றித் தமிழில் போதிய அளவு எழுதப்படாதது வருத்தத்திற்குரியது. மான்செஸ்டரில் எம்.ஜி. எவன்ஸ், என். உரி ஆகியோருடன் சேர்ந்து அவர் 1951-இல் வெளியிட்ட ஆய்வு, நீரில் கரைந்த இரும்பு அயனி ஒளியை உட்கொண்டு, அருகிலுள்ள அயனியிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பெற்று, அதனால் பிறக்கும் தனி எலெக்ட்ரான் கொண்ட துணுக்கு பாலிமர் சங்கிலியைத் தொடங்கிவைப்பதைக் காட்டியது. இத்தகைய துணுக்குகளுக்குத் தனி உறுப்பு என்று பெயர். இணை தேடும் அவற்றின் வேகமே சங்கிலி வளர்ச்சிக்கு உந்துதல். சென்னைக்குத் திரும்பி இயற்பிய வேதியியல் பேராசிரியரான சாந்தப்பா, சீரியம், யுரேனியம் போன்ற உலோகங்களின் அயனிகள் இதே வேலையைச் செய்யும் விதத்தைத் தம் மாணவர்களுடன் ஆண்டுக்கணக்கில் அளந்தார்.

வெளியே இருந்து பார்ப்பவர்க்கு அலுப்பூட்டக்கூடிய வேலை அது. கரைசலில் சிறிதளவு ஆக்சிஜன் இருந்தாலும் தனி உறுப்புகளை அது விழுங்கிவிடும் என்பதால் முதலில் நைட்ரஜனைக் குமிழிகளாகச் செலுத்தி அதை விரட்ட வேண்டும். வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் குழாய்களை நிறுத்த வேண்டும். குறித்த நிமிடத்தில் ஒவ்வொரு குழாயாக எடுத்து வினையை நிறுத்தி, வெண்மையாகப் படிந்த பாலிமரை வடிகட்டி உலர்த்தி எடைபோட வேண்டும். சீரியக் கரைசல் மஞ்சள் நிறம் கொண்டது. வினை நடக்க நடக்க அந்த மஞ்சள் வெளுக்கும். எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைத் தரம் பார்த்துக் கண்டறிவார்கள். இப்படிச் சேர்ந்த எண்களிலிருந்து சங்கிலி எவ்வளவு வேகமாகத் தொடங்குகிறது, வளர்கிறது, முடிகிறது என்ற மூன்று வேகங்களும் பிரித்தறியப்பட்டன. 1967-ஆம் ஆண்டுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இதைவிடத் தகுதியான உழைப்புக்கு அந்தப் பரிசு போயிருக்க முடியாது.

பல்கலைக்கழகத்தில் தேர்ந்த இந்தச் சீரிய முறைதான் அடையாற்றில் தோலுக்குப் பயன்பட்டது. 1958 முதல் 1971 வரை தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த ஒய். நாயுடம்மா, தொழிலாளியின் தொட்டியையும் விஞ்ஞானியின் குடுவையையும் ஒரே கண்ணால் பார்த்தவர். கே. தாமஸ் ஜோசப், கே. பாண்டுரங்கராவ் முதலியோர் அவருடன் சேர்ந்து 1960-களின் பிற்பகுதியில் கொலாஜன்மீது செயற்கைப் பாலிமரை ஒட்டுக்கட்டும் ஆய்வில் இறங்கினார்கள். மாங்கன்றில் ஒட்டுப் போடுவதைப்போல, கொலாஜன் சங்கிலியின் ஹைட்ராக்சில் கிளை உள்ள இடத்தில் சீரியம் ஓர் எலெக்ட்ரானை எடுத்து அங்கே ஒரு தனி உறுப்பை உண்டாக்கும்; அந்த இடத்திலிருந்து அக்ரிலிக் வகைச் சங்கிலி கிளைபோல வளரும். உண்மையிலேயே ஒட்டியதா, வெறுமனே படிந்து நிற்கிறதா என்பதை அறிய, கரைப்பானில் பல மணி நேரம் அலசி, ஒட்டாத பாலிமரை நீக்கிவிடுவார்கள். பிறகு வலிமையான அமிலத்தில் கொலாஜனை முழுவதும் சிதைத்துக் கரைத்தால், ஒட்டிய கிளை மட்டும் கரையாமல் மிஞ்சும். அதைத் தகுந்த கரைப்பானில் கரைத்து, அக்கரைசல் எவ்வளவு பிசுபிசுப்பாக இருக்கிறது என்பதிலிருந்து கிளையின் நீளம் தெரிந்துவிடும். நலிந்த, தளர்ந்த தோலின் பகுதிகளை நிரப்பவும், தண்ணீரைத் தாங்கும் தன்மையைக் கூட்டவும் இவ்வகைப் பொருள்கள் உதவும் என்ற எதிர்பார்ப்பு இதற்குப் பின்னால் இருந்தது. சாந்தப்பாவே பின்னர் அந்நிலையத்தின் இயக்குநராகவும், 1980-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். நாயுடம்மா 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமான வெடிப்பில் உயிரிழந்தார்.

கொலாஜனை உடல் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும் என்பதால் ஆய்வு தோல் ஆலையிலிருந்து மருத்துவமனைப் பக்கமும் திரும்பியது. தீப்புண்மீது போர்த்தும் கொலாஜன் படலங்களும், மருந்தைச் சிறிது சிறிதாக விடும் கொலாஜன் கலவைகளும் பாண்டுரங்கராவின் பிற்கால ஆய்வுகளில் இடம்பெற்றன. பச்சைத் தோலில் வேண்டாதது என்று கழித்து எறியும் துண்டே இதற்கெல்லாம் மூலப்பொருள்.

எனினும் குரோமின் மறுபக்கம் தீரவில்லை. டிரம்மில் இடும் குரோமில் கணிசமான பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடுகிறது. ஏறியதிலும் சிறு பகுதிதான் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டுகிறது, மீதி ஒரு முனையில் மட்டும் ஒட்டி நிற்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் பாலாற்று நீருக்கும் நிலத்துக்கும் நேர்ந்த கேடு 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குக் காரணமாயிற்று. கொலாஜனுக்குள் குரோம் நுழையும் பாதையையும் பற்றிக்கொள்ளும் இடத்தையும் நுணுக்கமாக அறிந்தால்தான் அதைக் குறைவாகப் போட்டு முழுதும் ஏற்ற முடியும்; தோல் ஆராய்ச்சி நிலையத்தின் டி. ராமசாமி முதலிய இயக்குநர்கள் குரோமிய வேதியியலிலேயே ஆழ்ந்திருந்ததன் பொருள் இதுதான். தண்ணீரின் தேவையைத் தவிர்த்துக் குரோமைத் தோலில் ஏற்றும் முறை அடையாற்று நிலையத்தில் உருவாகி ஆலைகளுக்குச் சென்றிருக்கிறது. அந்த முறையில் பதனிட்டு, குரோம் ஏறி நீலமான தோலிலிருந்து வெட்டிய துண்டும், அதே கொதிநீரில் போட்டு எடுக்கப்பட்டு, காகிதத்தில் இட்ட கோட்டின்மீதே மீண்டும் வைத்துப் பார்க்கப்படுகிறது.