அன்று எங்கே இருந்தேன்?

2004 டிசம்பர் 26ஆந் திகதி, ஆழிப்பேரலை நம் நாட்டுக் கரைகளிற் புகுந்து 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்ற செய்தியை எங்கே கேட்டீர்கள் என்று வினவினால், விடை கூறத் தயங்குவோர் நம்மிடையே மிகச் சிலரே. நானுந் தயங்கியதில்லை. வடமராட்சியிலே, கரைக்குச் சற்று உள்ளே இருந்த பாடசாலையொன்றில் அப்பொழுது கற்பித்துக்கொண்டிருந்தேன். கையில் வெண்கட்டி, கரும்பலகையிற் பாதி எழுதிய வாக்கியம், திடீரென வந்த செய்தி. பல்லாண்டுகளாக மாணவருக்கு இவ்வாறே சொல்லிவந்தேன்.

சென்ற தவணையில் ஒரு மாணவன் எழுந்தான். “சேர், அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லோ? போயாவும் கூட.”

நாட்காட்டியைத் தேடிப் பார்த்தேன். அவன் கூறியது சரியே. அதுவுமன்றி, அது மார்கழி விடுமுறைக் காலம்!

இவ்வாறு இடறியவன் நான் மட்டுமல்லன். 1941 டிசம்பர் 7இல் பேர்ள் துறைமுகந் தாக்கப்பட்ட செய்தியை, வானொலியிற் பேஸ்போல் ஆட்ட வர்ணனையின் இடையே கேட்டதாக அமெரிக்க உளவியலறிஞர் உல்றிக் நைசர் நெடுங்காலம் நம்பியிருந்தார். டிசம்பரில் அங்கே அவ்வாட்டம் நடைபெறுவதில்லை என்பது பின்னரே அவருக்கு உறைத்தது. 1986 ஜனவரி 28இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்தது. மறுநாட் காலையே, அச்செய்தியை எங்கே, எவ்வாறு அறிந்தனர் என்பதை மாணவரைக் கொண்டு எழுதுவித்தார். ஏறத்தாழ மூன்றாண்டின் பின், அவரும் நிக்கோல் ஹார்ஷும் அம்மாணவருள் 44 பேரை மீண்டும் வினவினர். 11 பேரின் விடையில், முன்னர் எழுதியதற்கு ஒத்தது ஒன்றேனும் இல்லை. தம் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு மீளவில்லையாம்.

அம்மாவிடம் கேட்டேன். “நீ விடியத் திருவெம்பாவைக்குப் போட்டு வந்து திரும்பப் படுத்தனீ. நான்தான் எழுப்பிச் சொன்னனான்” என்றார். நித்திரை! இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதை அங்கே கவிழ்ந்தது.

ஆனால் அந்த வெண்கட்டி பொய்யன்று. 2005 ஜனவரியில் பாடசாலை மீண்டுந் தொடங்கிய முதல் நாள், இடாப்பைப் பார்த்துப் பெயர்களை அழைத்தேன். ஒரு பெயருக்கு விடை வரவில்லை. தலை நிமிராமலே மறுமுறையும் அழைத்தேன்.

“அவன் வரமாட்டான், சேர்” என்றது பின்வாங்கிலிருந்து ஒரு குரல்.

கரும்பலகைப் பக்கந் திரும்பினேன். எழுதத் தொடங்கிய வாக்கியத்தை அன்று முடிக்கவில்லை.