நெல்லும் எண்ணெயும்

காவிரிப் படுகை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது நெல்வயல். நிலவியலாருக்கோ அச்சொல் மற்றொரு பொருளையும் தரும். கோண்டுவானா என்னும் பெருநிலம் பிளவுற்ற காலத்தில் இங்கு ஆழ்ந்த பள்ளங்கள் உண்டாயின. அவற்றில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வண்டல் படிந்தது. வண்டலோடு புதைந்த நுண்ணுயிர்களின் எச்சங்கள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறின. இப்படுகை வங்கக் கடலுக்கடியிலும் நீள்கிறது.

கீழ்வேளூருக்கு அண்மையிலுள்ள நரிமணம், திருவாரூர் மாவட்டத்துக் கமலாபுரம் முதலிய இடங்களில் எண்ணெய் கண்டறியப்பட்டது. ஆண்டிற்கு 5 இலட்சம் டன் கச்சா எண்ணெயைத் தூய்மை செய்யும் ஆலை, நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் 1993ஆம் ஆண்டு அமைந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலிலுள்ள பிஒய்-3 எண்ணெய் வயலில் 1997ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கியது.

நிலமாயினும் கடலாயினும் எண்ணெய் தேடும் முறை பெரும்பாலும் ஒன்றே. முதலில் செயற்கை அதிர்வலைகளை நிலத்தினுள் செலுத்துவர். பாறை அடுக்குகளில் பட்டு மீளும் அலைகளைக் கொண்டு எண்ணெய் தேங்கியிருக்கக்கூடிய அமைப்பை அறிவர். ஆயினும், எண்ணெய் உண்டா என்பதைத் துளையிட்டே உறுதி செய்ய இயலும். துளையிடும்போது களிமண் கலந்த கனமான சேற்றுக்கலவையை உட்செலுத்துவர். அது துளைக்கும் முனையைக் குளிர்விக்கும். பாறைத் துகள்களை மேலே கொணரும். உள்ளிருந்து எழும் அழுத்தத்தையும் தாங்கும். அழுத்தம் மீறினால் கிணற்றின் வாயை அடைக்கும் கருவியும் உண்டு.

எண்ணெய்க் கிணறு, உழவர் இறைக்கும் நன்னீர் அடுக்கை ஊடுருவியே கீழிறங்குகிறது. அவ்வடுக்கைக் காப்பவை எஃகுக் குழாயும் அதனைச் சுற்றி இறுகிய சிமெண்டுமே. எண்ணெயோடு மேலெழும் உவர்நீர் வயலில் கசிந்தால் மண் கெடும், பயிர் வாடும். கடலில் சிந்தும் எண்ணெய் மீன்வளத்தைத் தாக்கும். பனிக்கட்டி மிதக்கும் ஆர்க்டிக் கடலிலோ, பனிக்கடியில் பரவும் எண்ணெயை அகற்றுவது மிகக் கடினம். அங்குச் சுக்சி கடலில் துளையிட்ட ஷெல் நிறுவனம், போதிய வளம் காணாமையாலும் மிகுந்த செலவாலும் 2015ஆம் ஆண்டு அம்முயற்சியைக் கைவிட்டது.

நம் படுகையிலும் உழவர் எழுப்பிய எதிர்ப்பு வலுத்தது. 2020ஆம் ஆண்டு தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை அது தடை செய்தது. முன்பே இயங்கி வந்தவற்றுக்கு அத்தடை பொருந்தாது. எனவே பழைய கிணறுகளின் குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த நிலத்தடி நீரையும் இடைவிடாது கண்காணிக்க வேண்டிய கடமை தொடர்கிறது. எடுத்த எண்ணெய் தீர்ந்தபின்னும் அந்நிலத்தில் நெல் விளைய வேண்டுமன்றோ?