சம்பந்தம் பேசுமுன் இரத்தத்தையும் பார்ப்போம்

பொண்ணுக்கு மாப்பிள்ளை வந்தால் ஜாதகம் பார்க்கிறோம், குடும்பம் விசாரிக்கிறோம். இரத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர் போனது. 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு அங்கே போய்க் குடியேறிய நம்ம சனத்துக்கு அது தெரியும். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. காய்ச்சல் போனாலும், பல நூறு தலைமுறையாக அது பதித்த அடையாளம் மனிதர் இரத்தத்தில் இன்னும் இருக்கிறது.

அது எப்படி? 1949இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். (இவர் பிறகு இந்தியாவுக்கே வந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.) தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் தலசீமியா மரபணுவை வாங்கிய பிள்ளையை மலேரியா அவ்வளவு சுலபமாகக் கொல்வதில்லை. அந்தப் பிள்ளை பிழைத்து, கல்யாணம் கட்டி, தன் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்தது. மலேரியா நாடுகளில் இந்த மரபணு பெருகியது இப்படித்தான். 1952இல் நீலகிரியில் இருளர், குறும்பர் முதலியோரின் இரத்தத்தைச் சோதித்தபோது, இதே குணமுள்ள இன்னொன்று, அரிவாள் வடிவ அணு, அகப்பட்டது.

இலங்கையில் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் வெதரோலும் நம் நாட்டு டொக்டர்மாரும் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. அதன்படி நூற்றுக்கு சுமார் இரண்டு பேர் இந்த மரபணுவைச் சுமக்கிறார்கள். "மலையில் மலேரியா இல்லையே, எங்களுக்கு ஏன்?" என்று கேட்கலாம். அது ஊரைப் பார்த்து வருவதில்லை. நம் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து வந்தபோது கூடவே வந்திருக்கும்.

சுமப்பவர் நோயாளி அல்ல. கொழுந்து எடுப்பார், பிள்ளை பெறுவார். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்பார்கள். இரும்புச்சத்துக் குறைவும் அப்படியேதான் தெரியும். மாத்திரை போட்டும் இரத்தம் ஏறாவிட்டால் காரணத்தைக் கேளுங்கள். நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

ஆபத்து, சுமக்கும் இருவர் சேரும்போதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு கடும் நோய் வர இடமுண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, மற்ற மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு நெஞ்சிலும் ஈரலிலும் தேங்கும். அதை இறக்க ஆயுள் முழுக்க மருந்து.

மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தத்தில் இருவருக்கும் ஒரே பாட்டியிடமிருந்து அது வந்திருக்கலாம். கட்டாதே என்று சொல்லவில்லை, பொண்ணைத் தள்ளி வைக்கவும் சொல்லவில்லை. ஒருவர் சுமந்து மற்றவர் சுமக்காவிட்டால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வராது. அதனால் இரண்டு வீட்டாரும் சோதிக்கவேண்டும். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேளுங்கள். கேட்கும்போது தலசீமியா என்று பேரைச் சொல்லியே கேளுங்கள். வெறுமனே இரத்தம் பார்க்க வந்தோம் என்றால் குறூப்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும்.