கதை எழுத ‘மூடு’ வரலையா? நடேசன் பூங்கா சொல்லும் வழி

‘இன்னிக்கு மூடு இல்ல, நாளைக்கு எழுதிக்கலாம்.’ கதை எழுத ஆசைப்படும் பலர் தினமும் சொல்லும் சாக்கு இது. இது சோம்பேறித்தனமா?

பெரும்பாலும் இல்லை. எழுதுவது நன்றாக வராதோ என்ற பயம்தான் காரணம். தள்ளிப்போட்டதும் மனசுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிக்காகவே மறுநாளும் தள்ளிப்போடுகிறோம்.

எப்படி மீள்வது?

இடம்: ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரான அசோகமித்திரன், தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். ரூமைப் பகிர்ந்து தங்குபவரா? மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் எழுதலாம்.

நேரம்: ‘தினமும் எழுதுவேன்’ என்பது ஆசை. ‘காலை காபி குடித்ததும் 15 நிமிடம் எழுதுவேன்’ என்பது திட்டம். எப்போது, எங்கே என்று முன்பே முடிவு செய்தால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடும் என்கின்றன உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள்.

கெடு: ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014-ல் தொடங்கி நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியானது. 2020-ல் முடிந்தபோது 26 நாவல்கள்! உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். தினமும் ஒரு பத்தியை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதும்.

நடுவில் ஒருநாள் விட்டுப்போச்சா? பழக்கம் உடைந்துவிடாது. 2010-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மறுநாள் அதே இடத்தில், அதே நேரத்தில் உட்காருங்கள். சுமாரான பக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம்; எழுதாத பக்கத்தைத் திருத்த முடியாது.