ஆசிரியர் மாறினாலும் அனுபவம் பள்ளியில் தங்கட்டும்

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கோ மாஹேவுக்கோ ஏனாமுக்கோ ஓர் ஆசிரியர் பணி மாறுதலில் செல்லும்போது, பள்ளி அவருடைய பட்டறிவையும் இழக்கிறது. பின்னக் கணக்கில் மாணவர் எந்த இடத்தில் தடுமாறுவர், எதைக் கேட்டால் தெளிவர் என்பது அவருக்குத் தெரியும், எங்கும் எழுதப்பட்டிருக்காது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். மென்பொருள் குழுக்களுக்கும் இதே இடர் உண்டு.

எழுதிவைக்கக்கூடிய அறிவு ஒன்று. கைப்பழக்கமாக மட்டும் இருக்கும் அறிவு மற்றொன்று. இதை விளக்க ஜப்பானிய அறிஞர் நொனாகா காட்டும் நிகழ்வு, ரொட்டிக்குப் பெயர்பெற்ற நம் ஊருக்குப் பொருத்தமானது. 1985இல் மட்சுஷிட்டா நிறுவனம் வீட்டில் ரொட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்க முயன்றது. மாவு சரியாகப் பிசைபடவில்லை. குழுவிலிருந்த மென்பொருள் உருவாக்குநர் இகுகோ தனாகா, ஒசாகா ஓட்டல் ஒன்றின் தலைமை ரொட்டி மாஸ்டரிடம் பயிற்சி பெற்றார். அவர் மாவைத் தனி முறையில் இழுத்துப் பிசைவதைக் கவனித்தார். அதைப் பொறியாளர்களுக்குப் புரியும்படி விளக்கி, அவர்களோடு ஓராண்டு முயன்றார். இயந்திரத்தின் உட்புறத்தில் சிறு மேடுகள் அமைத்த பின் மாவு பக்குவமாக வந்தது.

உடனிருந்து கற்றல், சொற்களில் கூறுதல், பிறர் அறிவோடு இணைத்தல், செய்து தனதாக்குதல் என நான்கு படிகளை இதில் காணலாம்.

மென்பொருள் குழுக்களில் இவை அன்றாட வழக்கங்கள். இருவர் ஒரே கணினியில் அமர்ந்து நிரல் எழுதுவர். ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்த்த பின்பே சேர்ப்பர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகும். காரணத்தையும் குறிப்பாக எழுதிவைப்பர். குறை சொல்வது நிரலைத்தான், எழுதியவரை அல்ல என்பது நல்ல குழுக்களின் நெறி.

மாஹே பள்ளிகள் முன்பு பின்பற்றிய பாடத்திட்டம் கேரளத்துடையது. அங்கு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தில் ஆசிரியர்களே பயிற்றுநர்களாகிச் சக ஆசிரியர்களுக்குக் கணினி கற்பித்தனர். பள்ளிகளுக்கென மாற்றியமைத்த லினக்ஸ் தொகுப்பும் உருவானது.

நம் பள்ளிகளில் இவ்வாறு தொடங்கலாம்:

1. மாதம் ஒருமுறை, ஒரே பாடம் நடத்தும் இருவர் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்தல்.

2. பாடவாரியாக ஒரு பொதுக் குறிப்பேடு: மாணவர் செய்த பிழை, முயன்ற வழி, கிடைத்த பலன்.

3. பருவ இறுதியில் கூடிப் படித்துத் திருத்துதல்.

இக்குறிப்பேட்டை ஆசிரியரை மதிப்பிடப் பயன்படுத்தக் கூடாது. அந்த உறுதி இருந்தால்தான் தோற்ற முயற்சிகளும் அதில் இடம்பெறும். புதிதாக வருபவருக்கு அவையே பெரிதும் உதவும்.